பேதியாகும் குழந்தைக்கு மேல்மூச்சு வாங்குவது ஏன்?



நம் இரத்தத்தில் அமிலமும் காரமும் ஓர் அளவோடு இருக்கின்றன. அமிலம் என்றால் புளிப்பு. காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல. சோடா உப்பில் இருக்கிறதே, அந்தக் காரம். பி.எச். கணக்கில் இந்த அளவு 7.35 முதல் 7.45 வரை.

சாப்பாடு உடம்பில் சத்தாக மாறும்போது அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கும். நுரையீரல் அதைக் கரியமில வாயுவாக மூச்சில் வெளியே தள்ளும். சிறுநீரகம் மிச்ச அமிலத்தைச் சிறுநீரில் கழித்து, காரத்தைக் காப்பாற்றும்.

பேதியாகும்போது தண்ணீரோடு உப்பும் காரமும் போய்விடுகின்றன, அமிலம் மிஞ்சுகிறது. உடம்பு வற்றுவதால் சிறுநீரும் குறைகிறது. அப்போது நுரையீரல் தனியாகப் பாடுபடுகிறது. அதுதான் அந்த மேல்மூச்சு. "தோஷம் தட்டியிருக்குது" என்று மந்திரித்துப் பொழுதைக் கடத்தாதீர்கள்.

முதல் பேதியிலேயே ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். அதிலுள்ள சிட்ரேட், உடம்பில் காரமாக மாறி இழப்பை ஈடுகட்டும். கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சோடா உப்பை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

மேல்மூச்சு, குழிவிழுந்த கண், சிறுநீர் போகாமை, துவண்டு கிடத்தல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும், "அவர் வயலிலிருந்து வரட்டும்" என்று காத்திராதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். பிள்ளை குடிக்கிற நிலையில் இருந்தால் வழியிலும் கரைசலை ஊட்டிக்கொண்டே போங்கள்.