முதல் ஊசிக்கு முன் கல்ச்சர்

ஆமத்தூர், சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் விபத்து நடந்தால், அன்றைய உயிரிழப்புக் கணக்கோடு செய்தி ஓய்ந்துவிடுகிறது. தீக்காய வார்டில் சேர்ந்தவர்களுக்கோ அடுத்த கண்டம் அதன்பிறகுதான். தோல் வெந்து போன இடம் கிருமிக்குத் திறந்த வாசல். சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்றவை காயம் வழியாகவும், ரத்தநாளத்தில் செருகிய குழாய் வழியாகவும் ரத்தத்தில் கலக்கின்றன. முதல் சில நாட்களைத் தாண்டியவர்களின் உயிரைப் பறிப்பதில் இந்தத் தொற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கிருமிகள் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசிவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து 2010இல் வெளியான ஆய்வு, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் என்டிஎம்-1 இருப்பதைக் காட்டியது. மெரோபெனம் வகை மருந்துகளையே சிதைக்கும் நொதி அது. அதன்பின் கைகொடுக்கும் கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. உலகில் 2019இல் மட்டும் மருந்து எதிர்ப்பு நேரடியாகப் பறித்த உயிர்கள் சுமார் 12.7 லட்சம் என்பது மதிப்பீடு. இந்த எதிர்ப்பு வளர்ந்ததற்கான பழியை மருந்துக்கடை மேல் போடுவது வழக்கம். முக்கிய ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ‘எச்1’ விதி 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது, அது தேவைதான். ஆனால் எந்தக் கிருமி என்று பார்க்காமலே வார்டுக்குள் வலுவான மருந்தை நாள்கணக்கில் ஏற்றுவதை அந்த விதி தடுக்காது. அதைத் தடுப்பது, ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்து, அது எது, எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் சோதனை.

ரத்தத்தில் தொற்று ஏறியவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், சோதனைக்காகக் காத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். காத்திருக்கத் தேவையில்லை. தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வீதம் ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும்; உடனே ஊசியைப் போடலாம். ஊசி போட்டபின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும் மருந்தை மாற்றலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். சிறிய மருத்துவமனையில் ஆய்வகம் இல்லையே என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காமல், தாமதமின்றி மாவட்ட மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் போதும். செலவு கூடாதா என்றால், தேவையில்லாத மெரோபெனத்தை ஒரு வாரம் ஏற்றுவதும் செலவுதான். கல்ச்சர் முடிவுகளை வார்டுவாரியாகத் தொகுத்து வைத்தால், எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்பது அங்குள்ள மருத்துவருக்கு முன்கூட்டியே தெரியும். அடுத்த விபத்தில் வருபவருக்குப் போடும் முதல் ஊசியே சரியாக அமைய அதுவே வழி.