பத்துமலைக் குகையின் இருளும் ஒளியும் ஒரே படத்தில்

பத்துமலையில் 272 படிகள் ஏறிக் குகைக்குள் படமெடுத்தால், மேலே தெரியும் வானம் வெளுத்துவிடும். இல்லையேல் சன்னதி இருண்டுவிடும். இவ்வளவு ஒளி வேறுபாட்டை ஒரே படத்தில் கேமராவால் பதிவு செய்ய முடிவதில்லை.

இதற்கு உதவுவது எச்.டி.ஆர் முறை. கேமராவை முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8 என நிலையாக வைத்து, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள் எடுக்க வேண்டும். உதாரணத்திற்கு 1 விநாடி, 1/8 விநாடி, 1/60 விநாடி. முதல் படத்தில் சன்னதியும் கடைசிப் படத்தில் வானமும் தெளிவாக விழும். லைட்ரூம் போன்ற மென்பொருள் மூன்றையும் ஒன்றாக்கும்.

நடமாடும் பக்தர்கள் படத்தில் கலங்கலாகத் தெரிவார்கள் என்பதால் கூட்டம் குறைந்த வேளையே ஏற்றது.

இடம் மாறவிருக்கும் தோட்டக் கோயில்களையும் நிர்வாகத்தின் அனுமதியோடு இப்படிப் பதிவு செய்து வைக்கலாம். கோயில் பெயர்ந்த பிறகு பிள்ளைகளுக்குக் காட்ட மிஞ்சுவது படம்தான்.