ஈஸ்டர் மேஜைக்கு 'சென்டர் பீஸ்': வெங்காயத்தோலும் குருத்தோலையும் போதும்!

ராஜா அண்ணாமலைபுரம்:

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு சாந்தோம் பேராலயத்தில் பாஸ்கா திருவழிபாடு முடிந்து கூட்டம் கலையும்போது வெகு நேரம் ஆகி விடும். பட்டினப்பாக்கம், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் என்று வீடு திரும்புகிறவர்கள் கையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று இருக்கும். கடற்கரைக் காற்றில் அது எப்போதோ அணைந்து போயிருக்கும். ஆனாலும் யாரும் தூக்கிப் போடுவதில்லை.

காரணம் இருக்கிறது. ஆலயத்துக்கு வெளியே புதிதாக மூட்டும் நெருப்பில் இருந்து பெரிய பாஸ்கா மெழுகுவர்த்தியை குருவானவர் ஏற்றுவார். அதில் சிலுவையும், ஆல்பா, ஒமேகா எழுத்துகளும், அந்த ஆண்டின் நான்கு எண்களும் இருக்கும். அந்தச் சுடர்தான் ஒருவர் மாற்றி ஒருவராக எல்லோர் மெழுகுவர்த்திக்கும் வருகிறது.

ஈஸ்டர் விருந்தின் போது மேஜை நடுவில் வைக்கும் அலங்காரத்துக்கு 'சென்டர் பீஸ்' என்று பெயர். கடைகளில் பிளாஸ்டிக் முயல், ஜிகினா கூடை என்று ரெடிமேடாகவே விற்கிறார்கள். அவ்வளவு காசு கொடுக்க வேண்டியதே இல்லை. பூஜையில் இருந்து கொண்டு வந்த அந்த மெழுகுவர்த்தியை நடுவில் வைத்து விட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி சமையல் கட்டிலும் பூக்கடையிலும் கிடைக்கும். சி.எஸ்.ஐ. சபைக்கு ஞாயிறு அதிகாலை ஆராதனைக்குப் போகிறவர்கள் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை வைத்துக் கொள்ளலாம்.

"எங்க வீட்ல மேஜையே கிடையாதே" என்கிறவர்களும் கவலைப்பட வேண்டாம். ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தால் போதும். ஸ்டூல் மேல் வைக்கலாம், பாய் விரித்து உட்காருகிற வீட்டில் நடுவில் மணை போட்டும் வைக்கலாம்.

பூ விலை ஏன் ஏறுது?

ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பவுர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் பங்குனிப் பெருவிழாவும் பவுர்ணமியை ஒட்டித்தான் நடக்கிறது. அதனால் பல வருஷங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விடும். 2024-ல் பங்குனி உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. 2026-ல் உத்திரம் ஏப்ரல் 1, ஈஸ்டர் ஏப்ரல் 5. நாலே நாள் வித்தியாசம்! அறுபத்து மூவருக்கும் தேருக்கும் மாட வீதியில் பூ குவியும் அதே வாரத்தில்தான் ஈஸ்டருக்கும் பூ வாங்க வேண்டியிருக்கிறது. கூடவே கல்யாண முகூர்த்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளிநாட்டுப் படங்களில் ஈஸ்டர் என்றாலே வெள்ளை லில்லிதான். ஜப்பானின் தெற்குத் தீவுகளில் இருந்து போன பூ அது. சென்னை வெயிலுக்கு அதைத் தேடி அலைவதை விட சம்பங்கி எவ்வளவோ மேல். ஈஸ்டருக்கு உரிய நிறம் வெள்ளை. சம்பங்கியும் வெள்ளைதான், ராத்திரியில் வாசனையும் தூக்கும். சரமாகக் கட்டியதை வாங்காமல் காம்போடு, மொட்டாக, சனிக்கிழமை சாயங்காலம் வாங்க வேண்டும். நாலைந்து காம்பு போதும். சிக்கனம் பார்க்கிறவர்கள் இரண்டு காம்பும் கொஞ்சம் வெள்ளைச் சாமந்தியும் வாங்கலாம்.

பூ செருக ஸ்பாஞ்ச் வாங்காதீங்க. அரை அடி வாழைத்தண்டு போதும். பந்தல் அலங்காரக்காரர்களின் பழைய உத்தி இது. தண்டிலேயே ஈரம் இருப்பதால் பூ சீக்கிரம் வாடாது. காம்பைச் சரிவாக வெட்டிச் செருக வேண்டும். சாமந்திக்கு ஈர்க்குச்சி குத்திச் செருகலாம்.

குருத்தோலையில் முட்டைக் கூடு

குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையை வெட்டி அலங்காரம் செய்யக் கூடாது. அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு அதை எரித்துத்தான் நெற்றியில் பூசுகிறார்கள். அந்த ஓலைச் சிலுவையை முழுசாக மெழுகுவர்த்தி பக்கத்தில் சாய்த்து வைத்தால் போதும்.

கூடு பின்ன தனியாகக் குருத்தோலை வாங்க வேண்டும். ஈர்க்கைக் கிழித்து எடுத்து விட்டு, நெடுக்கே நாலு, குறுக்கே நாலு என்று பாய் மாதிரி பின்னி, நாலு மூலையையும் மேலே தூக்கி ஈர்க்கால் குத்தி விட்டால் கிண்ணம் மாதிரி வந்து விடும். பின்னும் வரை ஓலையை ஈரத் துணியில் சுற்றி வைக்காவிட்டால் ஓரம் பழுத்து முறியும். தோரணம் கட்டத் தெரிந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கிளியே செய்து கொடுத்து விடுவார்கள்.

பின்ன நேரமில்லை என்றால் ஓலைக் கொட்டான் இருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பெயர் கொடுத்த ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் கானாடுகாத்தான் பக்கம் கல்யாணத்துக்குச் சீர் வைக்கும் பனை ஓலைக் கூடை அது. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டிலும் கலர் ஓலைப் பெட்டிகள் பின்னுகிறார்கள். தென் மாவட்டத்துக்காரர்கள் வீட்டுப் பரணில் தேடினால் ஒன்றாவது அகப்படும்.

சாயமேத்துவது எப்படி?

கிரேக்க நாட்டில் ஈஸ்டர் முட்டை என்றால் சிவப்புதான். ஏசுவின் ரத்தத்துக்கு அடையாளமாம். அங்கே பல வீடுகளில் அதற்குப் பயன்படுவது நாம் குப்பையில் போடும் வெங்காயத்தோல்!

பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் 20 நிமிஷம் கொதிக்க விட்டு வடிகட்டவும். 2 ஸ்பூன் வினிகர் விட்டு, வெள்ளை முட்டையைப் போட்டு 12 நிமிஷம் வேக வைக்கவும். செங்கல் நிறம் ஏறும். அந்தத் தண்ணீரிலேயே ஆற விட்டால் இன்னும் கருக்கும். மஞ்சள் தூளில் மஞ்சள், பீட்ரூட்டில் ரோஸ்.

குழந்தைகளுக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. கொத்தமல்லி இலையை ஈரத்தோடு முட்டை மேல் ஒட்டி, பழைய நைலான் சாக்சில் இறுக்கிக் கட்டி சாயத்தில் வேக வைக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக அச்சு விழுந்திருக்கும்.

கோலப்பொடி, துணிச் சாயம் பக்கமே போகாதீங்க. ஓட்டில் நுண்துளைகள் உண்டு, சாயம் உள்ளே இறங்கும்.

இன்னொரு விஷயம். சென்னை வெயிலில் வேக வைத்த முட்டையை நாள் பூரா வெளியில் வைத்து விட்டு சாயங்காலம் சாப்பிடக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதனால் காட்சிக்கு வேறு, சாப்பிட வேறு. பச்சை முட்டையின் இரு முனையிலும் ஊசியால் ஓட்டை போட்டு ஊதினால் உள்ளே இருப்பது வெளியே வந்து விடும். அது பொடிமாசுக்கு. வெறும் ஓட்டைக் கழுவி, ஆறிய சாயத்தில் இரவு முழுக்க அமுக்கி வைத்தால் அலங்காரத்துக்கு. பத்திரமாக வைத்தால் அடுத்த ஈஸ்டருக்கும் ஆகும்.

தீ விஷயத்தில் உஷார்

ஓலை, பூ, திரைச்சீலை எல்லாம் பக்கத்தில் இருக்கிற சின்ன வீடு. மெழுகுவர்த்தியைத் தாம்பாளத்தில் மெழுகு ஒட்டி நிறுத்துவது ஆபத்து. மின்விசிறி காற்றில் சாயும், வெயிலில் மெழுகே வளையும். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி மணல் போட்டு, சுடர் விளிம்புக்குக் கீழே இருக்கும்படி ஆழமாக நட வேண்டும். டம்ளருக்கும் ஓலைக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, நடுவில் தண்ணீர் நிற்கிற மாதிரி தாம்பாளத்தில் ஊற்றி விடுங்கள். சாக்லேட் முட்டை வாங்கி இருந்தால் அதைச் சுடர் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், தண்ணீராக ஓடி விடும்.

பெரிய வியாழன் இரவு ஆலய பீடத்தில் இருந்து துணி, பூ எல்லாவற்றையும் எடுத்து விடுவார்கள். பெரிய வெள்ளி அன்று எங்கும் அலங்காரம் இருக்காது. வீட்டிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஓலை வாங்கி, சனிக்கிழமை பின்னி, சாயமேற்றி மறைவாக வைத்துக் கொள்வது வரைதான். தாம்பாளத்தை நடுவில் வைப்பது ராத்திரி பூஜை முடிந்து வந்த பிறகு. தூங்கி எழுந்து வரும் பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கும்.

திங்கட்கிழமைக்குள் குருத்தோலை பழுப்பாகி விடும், பூவும் வாடி விடும். மிச்ச மெழுகுவர்த்தியை மட்டும் பேப்பரில் சுற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ, புயல் அடித்து கரண்ட் போனாலோ எடுத்து ஏற்றுவதற்கு.