பந்து தோற்றால் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது?



இந்தப் பக்கத்தில் வழக்கமாக இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, பூச்சிமருந்து தெளிக்கும்போது எடுக்க வேண்டிய கவனம் என்றுதான் எழுதி வருகிறோம். இந்த முறை காற்பந்து. "சுகாதாரப் பக்கத்துல பந்துக்கு என்னா வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 20, சனிக்கிழமை இரவை மறந்திருக்க மாட்டீர்கள். சுசுகி கிண்ண இறுதியாட்டத்தின் இரண்டாம் பகுதி. பேங்காக்கில் நடந்த முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றுவிட்டு வந்த மலேசியா, புக்கிட் ஜாலில் அரங்கில் தாய்லாந்தை ஒரு கை பார்த்தது. சாஃபிக் ரஹிம் பெனால்டியில் ஒன்று போட்டார், இந்திரா புத்ரா ஒன்று போட்டார், பிறகு சாஃபிக்கே ஃப்ரீ கிக்கில் இன்னொன்று. 3-0. மொத்தக் கணக்கில் நாம் 3, அவர்கள் 2. எட்டு நிமிடம் தாக்குப் பிடித்தால் கிண்ணம் நம்முடையது. 82ஆவது நிமிடத்தில் சப்புயிஸ் என்பவர் ஒன்று திருப்பினார், 87ஆவது நிமிடத்தில் சனாதிப் தூரத்திலிருந்து இன்னொன்று அடித்தார். ஆட்டத்தை 3-2 என்று வென்றோம். கிண்ணத்தை 3-4 என்ற கணக்கில் விட்டோம்.

அன்றிரவு எங்கள் லயத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மண்டோர், இனிப்பு நீர் உள்ளவர், டி.வி. முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போய் நின்றார். சட்டையெல்லாம் வேர்வை. "நெஞ்சு கரிக்குது, வாயு புடிச்சிக்கிச்சி" என்றார். சம்சாரம் தைலம் தேய்த்து விட்டார், ஓமத் தண்ணி கொடுத்தார். "என்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோமா?" என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டிருக்கிறார். "சியாங்காரன் கோல் போட்ட ஆத்திரம், காலையில சரியாயிடும், நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து வீட்டு வேனில் ஏற்றினார்கள். உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி அதற்குள் செத்துப் போயிருந்தது. அந்த ஆறு மணி நேரத்தைத்தான் இன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், தோல்வி உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெனால்டி எடுக்கப் போகிறான் என்றதும் நம் கை காலெல்லாம் இறுகிப் போகிறது அல்லவா? நம் மூளைக்கு டி.வி.யில் ஓடுகிறவன் வேறு, நாம் வேறு என்று அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கத் தெரியாது. செம்பனைக் காட்டில் நல்ல பாம்பைக் கண்டால் என்ன கட்டளை போடுமோ அதையே இங்கும் போடும். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் என்ற நீர் இரத்தத்தில் பாய்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் சற்று சீக்கிரமாக உறையும் தன்மைக்கு மாறுகிறது. பாம்பைக் கண்டவன் ஓடுவான், அல்லது அடிப்பான், உடம்பில் ஏறியது அப்படியே செலவாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடி கச்சாங் பூத்தே கொறிப்பவன் எங்கே ஓடுவான்? ஏறியது ஏறினபடி நிற்கிறது. இருதயக் குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருந்தால், அந்த அழுத்தத்தில் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டி, குழாய் அடைத்துக்கொள்ளலாம். கூடவே சிகரெட்டும் குடியும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இது வெறும் பேச்சல்ல. 2006இல் ஜெர்மனியில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது, மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அவசர இருதயக் கோளாறுகள் சாதாரண நாட்களைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறின. ஆண்களுக்கு மூன்று மடங்குக்கு மேல். பாதிக்கப்பட்டவர்களில் பலர் முன்பே இருதய நோய் உள்ளவர்கள். 1998ஆம் ஆண்டு ஜூன் 30இல் அர்ஜென்டினாவிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. அந்த நாளிலும் அடுத்த இரண்டு நாட்களிலும் இங்கிலாந்து மருத்துவமனைகளில் மாரடைப்புக்காகச் சேர்க்கப்பட்டோர் தொகை 25 விழுக்காடு கூடியது. அடுத்த இரண்டு நாட்களும் என்பதைக் கவனியுங்கள். விசில் ஊதியதோடு உடம்பு அடங்கிவிடுவதில்லை.

0-6 என்று தோற்றால் "சனியன் தொலையட்டும்" என்று டி.வி.யை மூடிவிட்டுத் தூங்கப் போகிறோம். ஒரு கோலில் தோற்றால்தான் தூக்கம் வருவதில்லை. இது ஏன்? கைக்கெட்டியது வாய்க்கு எட்டாமல் போனால், "அவனை மட்டும் மாத்தாம இருந்திருந்தா", "அந்த பந்து ரெண்டு அங்குலம் தள்ளிப் போயிருந்தா" என்று மனம் திரும்பத் திரும்ப அதே படத்தை ஓட்டுகிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களைப் பார்த்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள்தான் அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். 2012 லண்டன் இறுதியாட்டத்தில் லின் டானிடம் மூன்றாவது செட்டை 19-21 என்று விட்ட லீ சோங் வெய்யின் முகத்தைப் பார்த்த மலேசியருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மனதில் படம் ஓடும் ஒவ்வொரு தடவையும் உடம்பு மறுபடி கொஞ்சம் சூடேறும். அதனால்தான் நள்ளிரவு தாண்டியும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம்.

மறுநாள் வரும் சோர்வும் பொய்யில்லை. 1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இத்தாலி பிரேசிலிடம் பெனால்டியில் தோற்றது. டி.வி.யில் ஆட்டம் பார்த்த ரசிகர்களின் எச்சிலை முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஆண்மை நீர் என்று சொல்லப்படும் டெஸ்டோஸ்டிரோன் பிரேசில் ரசிகர்களுக்கு ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. பந்தைத் தொடாதவனுக்கே இப்படி. ஆகவே ஒருவர் கிண்ணம் போன துக்கத்தில் வாடிக் கிடந்தால், "பதினோரு பேர் ஓடுறதுக்கு இவருக்கு என்னா வந்துச்சாம்" என்று கேலி பேசாதீர்கள். அது உண்மையான வலிதான். ஜெயித்தால் "நாம ஜெயிச்சிட்டோம்" என்கிறோம், தோற்றால் "அவனுங்க தோத்துட்டானுங்க" என்று கழன்று கொள்கிறோம். அமெரிக்க மாணவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று 1976இலேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அது ஒரு வகையில் மனம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மருந்து, அதில் தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷர் வட்டாரப் போலீஸ் பதிவுகளை வைத்து 2002, 2006, 2010 உலகக் கிண்ண நாட்களை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் வீட்டில் அடிதடி பற்றிய புகார்கள் 38 விழுக்காடு கூடியிருந்தன. வென்ற நாளிலும், சமமாக முடிந்த நாளிலும்கூட 26 விழுக்காடு கூடின. வென்றாலும் கூடுகிறது என்றால் கோலை மட்டும் குறை சொல்ல முடியுமா? மான்செஸ்டர் பக்கம் பின்னால் செய்த ஆய்வில், ஆட்டம் நடக்கும் நேரத்தில் அடிதடி குறைந்து, முடிந்தபின் மணிக்கணக்கில் மெல்ல ஏறுவதும், அந்த ஏற்றம் குடித்துவிட்டு அடிப்பவர்களால் வருவதும் தெரிந்தது. நம் தோட்டத்துக் கதையும் இதுதான். பந்து ஒரு சாக்கு, உள்ளே போன சம்சுதான் கையை ஓங்க வைக்கிறது. புக்கிட் ஜாலிலில் கோல் விட்டவன் ஒருவன், அடி வாங்குபவள் குசினியில் நிற்கிற இன்னொருத்தி. இதைக் குடும்ப விஷயம் என்று விட்டுவிட முடியாது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி இது குற்றம். 15999 என்ற தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தாய்மார்கள் இந்த எண்ணைக் கைப்பேசியில் வேறு பெயரில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, நம் தோட்டங்களில் இன்று இந்தோனேசியத் தொழிலாளர்கள் நிறைய. மலேசியா இந்தோனேசியாவோடு மோதும் இரவில் எதிரணி ரசிகன் பக்கத்து லயத்திலேயே இருக்கிறான். காலையில் அவனும் நாமும் ஒரே பெரட்டில்தான் நிற்க வேண்டும். கேலி இரண்டு வார்த்தையோடு போனால் விளையாட்டு. கையில் கத்தியோ அரிவாளோ இருக்கும்போது மூன்றாவது வார்த்தை வேண்டாம். மேலே சொன்ன அட்ரினலின் அவன் உடம்பிலும் இன்னும் இறங்கியிருக்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஆட்டம் முடிந்ததும் படுக்கையில் விழாமல், ஒரு கால் மணி நேரம் லயத்தைச் சுற்றி மெதுவாக நடங்கள். பாம்பைக் கண்டவன் ஓடித் தீர்த்ததை நாம் நடந்து தீர்க்கிறோம். ஆடினவனைப் பற்றி யாரிடமாவது வாய்விட்டுத் திட்டித் தீர்த்துவிடுங்கள், ஆனால் கைப்பேசியில் அந்தக் கோலையே நள்ளிரவு வரை போட்டுப் பார்க்காதீர்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பந்து நாளில் அதை மறக்கவே கூடாது. "தண்ணி போடப் போறேன், மாத்திரை வேணாம்" என்று சிலர் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். இது தலைகீழ் கணக்கு. ஐரோப்பிய ஆட்டங்கள் நமக்கு விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு நேராகப் பெரட்டுக்குப் போகிறவர், முழுத் தூக்கம் இல்லாமல் நீண்ட கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்துக் குலை வெட்டப் போகிறார். தலைக்கு மேலே இருபது கிலோ குலை, சில இடங்களில் மின்சாரக் கம்பி. அன்றைக்கு முடிந்தால் விடுப்பு கேளுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தை மறுநாள் மறு ஒளிபரப்பில் பாருங்கள்.

கடைசியாக அந்த மண்டோரின் ஆறு மணி நேரம். நெஞ்சின் நடுவில் அழுத்துவது போன்ற வலி பத்து பதினைந்து நிமிடத்தில் அடங்காவிட்டால், அது இடக்கை, தாடை, முதுகு என்று பரவினால், குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல், வாந்தி சேர்ந்து வந்தால், அதை வாயு என்று முடிவு கட்டாதீர்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாகத் தெரியாமல் வெறும் வேர்வையும் சோர்வுமாக வரலாம். உடனே 999க்கு அழையுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று அப்போதே கேளுங்கள், சிலருக்கு அது ஆகாது. தோட்டம் உள்ளே தள்ளி இருந்தால் எந்தப் பாதையில் வர வேண்டும் என்று சொல்லி, ஒரு பையனை மோட்டார் சைக்கிளோடு முச்சந்தியில் நிறுத்துங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். அடைப்பை நீக்கும் மருந்தும் சிகிச்சையும் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் கிடைத்தால் காப்பாற்றக்கூடிய தசை நிறைய. நேரம் போகப் போக அது குறைந்துகொண்டே வரும்.

அந்த மண்டோர் 2018இல் வியட்நாமிடம் மலேசியா மொத்தக் கணக்கில் 2-3 என்று தோற்ற இறுதியாட்டத்தையும் பார்த்தார். இந்த முறை வெற்றிலைப் பெட்டியோடு சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பத்து நிமிடம் மண்டோரே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். "முடிவை மட்டும் சொல்லு" என்றாராம். அந்த அம்மா வெளியே வந்து, முடிவைச் சொல்வதற்கு முன்னால், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.