ஸ்கோர் பலகை மாற்றிய சிறுவன்

சர்னி ரோடுக்கும் மெரீன் லைன்சுக்கும் நடுவே மின்சார ரயிலில் போகிறவர்கள் கடல் பக்கமாகத் திரும்பினால் வரிசையாக ஜிம்கானா மைதானங்கள் தெரியும். அவற்றில் ஒன்று இந்து ஜிம்கானா. அங்கே மைதானத்தைப் பராமரித்த தொழிலாளியின் மகன்தான் ஏக்நாத் சோல்கர்.

மைதானத்து ஓரத்தில் ஒரே அறை. அதில்தான் குடும்பம் முழுவதும். வசதி படைத்தவர்கள் ஆடுவார்கள். பையன் ஸ்கோர் பலகையில் எண்களை மாற்றிக்கொண்டிருப்பான். அந்தப் பையன் 1965-66-ல் லண்டன் பள்ளி அணியை எதிர்த்து ஆடிய இந்தியப் பள்ளி அணிக்குக் கேப்டன் ஆனான். அவன் தலைமையில் ஆடியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சுனில் கவாஸ்கர்!

உயிரைப் பணயம் வைத்த இடம்

சோல்கர் நின்ற இடம் 'ஷார்ட் லெக்'. மட்டைக்கு வெகு அருகில். ஹெல்மெட் இல்லாத காலம். ஓங்கி அடித்த பந்து முகத்தில் பட்டால் பிழைப்பே போய்விடும். அவர் அசையவில்லை. 27 டெஸ்டுகளில் 53 கேட்ச்! விக்கெட் கீப்பர்கள் நீங்கலாக, 20 டெஸ்டுகளுக்குக் குறையாமல் ஆடியவர்களில் இந்தச் சராசரியை மிஞ்சியவர் இல்லை.

1971 ஆகஸ்டு, ஓவல் மைதானம். நம் வேங்கடராகவன் பந்து வீசுகிறார். முதல் இன்னிங்சில் 90 ரன் எடுத்த ஆலன் நாட், பந்தைத் தடுத்தார். அது தரையைத் தொடுமுன் சோல்கர் முன்னால் பாய்ந்து, குப்புற விழுந்து பிடித்துவிட்டார். நாட் எடுத்தது 1 ரன். இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டது. சந்திரசேகருக்கு 6 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவுக்கு அதுவே முதல் டெஸ்ட் வெற்றி.

சேப்பாக்கத்தில் சோதனை

தமிழர்களுக்குக் கசப்பான ஒரு கணக்கும் உண்டு. 1973-ல் சேப்பாக்கத்தில் ரஞ்சி இறுதி ஆட்டம். பம்பாய் எடுத்தது 151, 113. தமிழ்நாடு 80, 61! மூன்றாம் நாள் முதல் பந்தோடு எல்லாம் முடிந்தது. சிவால்கரின் 13 விக்கெட்டுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டாவது இன்னிங்சில் சோல்கர் 23 ரன் கொடுத்து 5 விக்கெட் சாய்த்ததைப் பலர் மறந்துவிட்டனர். பம்பாய்த் தமிழர்கள் அன்று எந்தப் பக்கம் கைதட்டினார்களோ!

1975-ல் வான்கடே மைதானத்தின் முதல் டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளை எதிர்த்து சோல்கர் 102 ரன் எடுத்தார். டெஸ்டில் அவர் அடித்த ஒரே சதம். பழைய ஒற்றை அறையிலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம்.

1977 ஜனவரியில் கல்கத்தாவில் கடைசி டெஸ்ட். அப்போது வயது 28தான். தேர்வாளர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. 2005 ஜூன் 26 அன்று மும்பையில் மாரடைப்பால் சோல்கர் காலமானார். வயது 57.