முகமது சலீம் (கால்பந்து வீரர்)

முகமது சலீம் (1904–1980) கொல்கத்தாவைச் சேர்ந்த கால்பந்து முன்கள வீரர். வலது ஓரத்தில் ஆடியவர். 1936ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள செல்டிக் கழகத்துக்காகப் பூட்ஸ் அணியாமல் இரண்டு ஆட்டங்களில் விளையாடினார். ஐரோப்பியக் கழகம் ஒன்றின் சீருடையில் ஆடிய முதல் இந்தியத் துணைக்கண்ட வீரர் என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறார். அவ்விரு ஆட்டங்களும் செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக ஆடப்பட்டவை. முதல் அணியில் அவர் இடம்பெறவில்லை. இதைச் சொல்லாமல் விட்டுவிடும் கட்டுரைகள் பல உள்ளன. சொல்வதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது.

கொல்கத்தாவில்

சலீம் கொல்கத்தாவின் மேட்டியாபுரூஸ் பகுதியில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1911 சூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அன்று மோகன் பகான் வீரர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். வங்காளச் சிறுவர்கள் ஒரு தலைமுறையாகப் பேசித் தீராத வெற்றி அது. சலீமும் அதைக் கேட்டு வளர்ந்தவர்தான்.

கொல்கத்தாவில் சில கழகங்களுக்கு ஆடிய பின் 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் சேர்ந்தார். அதுவரை கொல்கத்தா லீக் கோப்பையை ஐரோப்பியர் அணிகளும் படைப்பிரிவு அணிகளுமே வென்று வந்தன. 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் அதை வென்ற முதல் இந்தியக் கழகமானது. 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. அக்காலத்தில் முன்களத்தில் ஐந்து பேர் ஆடுவது வழக்கம். ஓரத்தில் நிற்பவரின் வேலை, பந்தைக் கோட்டோரமாகக் கொண்டுசென்று நடுவில் இருப்பவருக்குத் தலையால் முட்டுவதற்கு வாகாக அனுப்புவது. சலீம் பெயர் பெற்றது இந்த வேலையில்தான். எனவே அவர் அடித்த கோல்களை எண்ணிப் பார்த்து அவரை மதிப்பிட முயல்வது பொருந்தாது.

கிளாஸ்கோ பயணம்

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்றுகொண்டிருந்த சீன அணி, வழியில் இந்தியாவில் காட்சி ஆட்டங்கள் ஆடியது. அதற்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் விளையாடச் சலீமுக்கு அழைப்பு வந்தது. முதல் ஆட்டம் முடிந்ததும் ஆளைக் காணவில்லை. காணவில்லை என்று செய்தித்தாளில் அறிவிப்பும் வந்ததாகச் சொல்வர். அவரோ பிரிட்டனில் வாழ்ந்துவந்த சகோதரர் ஹாசிமுடன் கப்பலேறியிருந்தார்.

கிளாஸ்கோவில் ஹாசிம், செல்டிக்கின் மேலாளர் வில்லி மேலியைச் சந்தித்துத் தம்பிக்கு ஒரு வாய்ப்புக் கேட்டார். மேலி 1897 முதல் அப்பொறுப்பில் இருந்தவர், வீரர்களை எடைபோடுவதில் பழுத்தவர். பூட்ஸ் இல்லாத ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதுவதா என்று அவருக்குத் தயக்கம். ஆனாலும் சோதனை ஆட்டத்துக்குச் சம்மதித்தார், சலீம் தேறினார். 1936 ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டன் அணிக்கு எதிராகச் செல்டிக் 7–1 என்று வென்ற ஆட்டத்தில் அவர் ஆடினார். மற்றோர் ஆட்டம் ஹாமில்டன் அணிக்கு எதிராக, முடிவு 5–1. மறுநாள் நாளிதழ்கள் அவருடைய கால்விரல்களைப் பற்றியே வியந்து எழுதின.

அந்நாட்களில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. சலீம் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பாதத்தில் ஒருவர் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவர் ஜிம்மி மெக்மெனமி. 1902 முதல் 1920 வரை செல்டிக்கின் முன்களத்தில் ஆடிப் புகழ்பெற்று, பின்னர் அக்கழகத்திலேயே பயிற்சியாளராக இருந்தவர். செருப்பைத் திடலோரம் கழற்றி வைத்துவிட்டுப் பந்தாடும் பிள்ளைகளை எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் பார்த்தவர்களுக்கு வெறுங்கால் ஆட்டம் அதிசயமில்லை. எதிரே பூட்ஸ் அணிந்த பத்துப் பேர் மோத வரும்போது ஆடுவதுதான் வேறு.

முதல் அணியில் இடம்பிடிப்பது எளிதாக இருந்திருக்காது. 1935–36இல் செல்டிக் ஸ்காட்லாந்து லீக் வாகையர். ஜிம்மி மெக்ரோரி அந்த ஒரே பருவத்தில் 50 லீக் கோல்கள் அடித்திருந்தார். சலீமின் இடமான வலது ஓரத்தில் ஜிம்மி டெலானி இருந்தார். இருந்தும் சலீமை அந்தப் பருவம் முழுவதும் வைத்துக்கொள்ளக் கழகம் விரும்பியது. ஊர் நினைவு தாளாமல் சில மாதங்களிலேயே அவர் திரும்பிவிட்டார். கொல்கத்தாவில் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடினார்.

ஒரு கணக்கு

அவர் புறப்படும் முன் கழகம் ஓர் உதவி ஆட்டம் நடத்தி, வசூலில் 5 விழுக்காட்டை அவருக்கு அளித்ததாகவும், அந்த 1,800 பவுனை அவர் அனாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டதாகவும் பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. மாணவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 விழுக்காடு 1,800 என்றால் மொத்த வசூல் 36,000 பவுன். அன்று நுழைவுக் கட்டணம் சுமார் ஒரு சில்லிங். ஒரு பவுனுக்கு 20 சில்லிங். அப்படியானால் 7,20,000 பேர் வந்திருக்க வேண்டும். செல்டிக் திடலில் ஒரு லட்சம் பேர் கூடியதாகக்கூடப் பதிவு இல்லை. பணத்தைக் கொடுத்தது உண்மையாக இருக்கலாம். தொகை உண்மையாக இருக்க முடியாது.

பின்னர்

இந்திய வீரர்கள் வெறுங்காலுடன் ஆடும் வழக்கம் சலீமுக்குப் பின்னும் நீடித்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 1–10 எனத் தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது.

சலீம் முதுமையில் நோயுற்றிருந்தபோது, சிகிச்சைக்கு உதவி வேண்டும் என்று அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பணம் பெறுவது அவர் நோக்கமன்று. தந்தையை அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா என்று அறிய விரும்பினார். பதிலோடு 100 பவுனுக்கு வங்கி வரைவோலை வந்தது. அதை மாற்றாமல் பத்திரமாக வைத்திருப்பதாக மகன் பின்னாளில் செய்தியாளரிடம் கூறினார்.