சொந்தப் பாஷையில் ஒரு சித்திரப் படம்

வீடியோ விளையாட்டிலிருந்து பிறந்த ஒரு படத்திற்கு இந்தப் பக்கத்தில் இடமா என்று நண்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கலாம். ஜப்பானியக் கம்பெனி ஒன்று பட்ட அடியையும், அது எழுந்த விதத்தையும் கேட்டபின் தீர்ப்புச் சொல்லட்டும்.

'பைனல் பேண்டஸி' என்னும் விளையாட்டு வரிசையை வெளியிட்டவர்கள் ஸ்கொயர் கம்பெனியார். 1997-ல் வந்த ஏழாவது விளையாட்டு உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2001-ல் அதே வரிசைப் பெயரைச் சூட்டி ஒரு சித்திரப் படம் வெளியிட்டார்கள். அது தயாரானது ஹானலூலுவில், பேச்சு ஆங்கிலம், குரல் கொடுத்தவர்கள் ஹாலிவுட் நடிகர்கள். விளையாட்டில் ஜனங்கள் நேசித்த பாத்திரங்களில் ஒருவர்கூட அதில் இல்லை. சுமார் 13 கோடியே 70 லட்சம் டாலரை விழுங்கிய படம், எட்டரைக் கோடியளவே வசூலித்தது. ஹானலூலு ஸ்டூடியோ மூடப்பட்டது.

பின்னர் கம்பெனி எனிக்ஸ் கம்பெனியுடன் இணைந்தது. 2005 செப்டம்பரில் 'அட்வெண்ட் சில்ட்ரன்' வெளிவந்தது. ஏழாவது விளையாட்டின் பாத்திரங்களை வரைந்த டெட்சுயா நொமுராவே டைரக்டர். பேச்சு ஜப்பானிய பாஷை. ஜப்பானில் முதல் வாரத்திலேயே நான்கு லட்சத்திற்கு மேல் விற்றது. ஆங்கிலப் பேச்சுடன் அமெரிக்கா சென்றது மறு வருஷந்தான்.

கதையும் அற்பமானதன்று. மின்சாரத்திற்காகப் பூமியின் உயிர்ச் சக்தியையே உறிஞ்சி, அதன் பலத்தால் ஆட்சியும் நடத்திய ஷின்ரா என்னும் கம்பெனி வீழ்ந்து இரண்டு வருஷமாகிறது. யுத்தத்தில் ஜயம் கிட்டிவிட்டது. ஆனால் அநாதைக் குழந்தைகளின் மேனியில் கருந்தழும்பு நோய் படர்கிறது. ஜயித்த வீரன் கிளவுடுக்கும் அந்நோய் உண்டு. மாண்ட தோழியைக் காக்கத் தவறினோமே என்ற துயரில் நண்பர்களை விட்டுத் தனித்து வாழ்கிறான். ஜயத்திற்கு மறுநாள் ஒரு தேசம் எப்படியிருக்கும் என்று வீரக் கதைகளில் எத்தனை நமக்குக் காட்டின?

பாத்திரங்களின் பெயர்கள் பலவும் மேல்நாட்டுச் சாயலுள்ளவை என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. எனினும் யாருக்காகச் சொல்கிறோம் என்பதில் இம்முறை அவர்களுக்குச் சந்தேகமிருக்கவில்லை. விளையாட்டை அறியாதவர்க்குப் பாதிக் கதை விளங்காது. வாட்சண்டைகளும் நமது பொறுமைக்குச் சற்று அதிகமே. 2009-ல் 26 நிமிஷங்கள் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். அதில் நோயுற்ற டென்ஸெல் என்ற அநாதைச் சிறுவனின் கதை விரிவாக வருகிறது. அந்தச் சிறுவனுக்கு முதலிலேயே இடங்கொடுத்திருக்கலாம்.